மக்கள் நல்வாழ்வு இயக்கமும் நம்மூர் அரசு ஆஸ்பத்திரியும்: வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனைகளுக்காகக் குரல் கொடுக்கிற ஒரு தேசிய அமைப்பு இருக்கிறது என்று பேச்செடுத்தாலே, காட்பாடி டீக்கடையிலிருந்து குடியாத்தம் தறிக்கூடம் வரை ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இது அந்த அமைப்பின் அதிகாரப்பூர்வ அறிக்கை இல்லை. அரசு ஆஸ்பத்திரியின் பக்கம் நிற்கிற உள்ளூர்க்காரர் ஒருவரின் பதில்கள். சார்பு இருக்கும், அங்கங்கே கோபமும் இருக்கும்.

அது என்ன அமைப்பு? கட்சியா, தொண்டு நிறுவனமா?

இரண்டும் இல்லை. ஜன் ஸ்வாஸ்த்ய அபியான் என்பது அதன் இந்திப் பெயர். நாம் மக்கள் நல்வாழ்வு இயக்கம் என்கிறோம். அறிவியல் இயக்கங்கள், பெண்கள் அமைப்புகள், மருத்துவர் குழுக்கள், தொழிற்சங்கங்கள் எனப் பல அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பு. அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற மாநில இயக்கங்களுக்கு இதில் ஆரம்பம் முதலே பங்கு உண்டு.

பிறந்த கதை இது. 1978இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, 2000ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் நல்வாழ்வு என்று கையெழுத்துப் போட்டன. இந்தியாவும் போட்டது. 2000 வந்தது, நல்வாழ்வு வரவில்லை. கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்க, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ரயிலேறிப் போய் அந்த ஆண்டு கடைசியில் கொல்கத்தாவில் மக்கள் கூடினார்கள். அங்கிருந்து ஒரு பகுதியினர் எல்லை தாண்டி, டாக்கா பக்கத்தில் இருக்கும் சாவாரில் நடந்த உலக மக்கள் நல்வாழ்வுப் பேரவைக்குப் போனார்கள். அந்தக் கூட்டங்களில் உருவானதுதான் இந்த இயக்கம். பிற நாடுகளிலும் இதற்குச் சகோதர அமைப்புகள் உண்டு.

இவர்கள் ஆஸ்பத்திரி கட்டுவதில்லை, மருத்துவ முகாமும் முக்கிய வேலை இல்லை. இருக்கிற அரசு ஆஸ்பத்திரிகளை அரசு ஒழுங்காக நடத்த வைப்பதுதான் வேலை.

வேலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. 2004இல் இந்த இயக்கமும் தேசிய மனித உரிமை ஆணையமும் சேர்ந்து, சிகிச்சை மறுக்கப்பட்டவர்களின் புகார்களை மண்டலம் மண்டலமாகப் பொது விசாரணையில் கேட்டன. தென்மண்டலத்துக்குச் சென்னையில் நடந்தது. அடுத்த ஆண்டு தேசிய ஊரக நல்வாழ்வுத் திட்டம் வந்தபோது, மக்களே ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கண்காணிக்கலாம் என்ற ஏற்பாடு அதில் சேர்க்கப்பட்டது. 2007இல் 9 மாநிலங்களில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் தேர்வான மாவட்டங்களில் வேலூரும் ஒன்று.

அந்தக் கண்காணிப்பு எப்படி நடந்தது என்று இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. கிராமத்தில் உட்கார்ந்து, நர்சம்மா மாதா மாதம் வருகிறாரா, கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார்களா, பிரசவத்துக்குப் போனால் காசு கேட்கிறார்களா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். பதிலைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு அட்டையில் நிறம் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு எது என்று தெரியும். அப்புறம் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஊழியர்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். திட்டுவதற்கு அல்ல, சிவப்பை மஞ்சளாக்க யார் என்ன செய்வது என்று பேசுவதற்கு.

அதற்கும் முன்னால், 1980களில், வேலூரை உள்ளடக்கிய அன்றைய வடாற்காடு மாவட்டத்தில் 'நதி' என்ற பெயரில் ஒரு நோய்த் தகவல் முறை இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின், அதாவது சி.எம்.சி.யின், டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னின்று தொடங்கியது. அரசு, மிஷன், தனியார் என்று எந்த ஆஸ்பத்திரியில் தட்டம்மையோ காலராவோ போலியோவோ தென்பட்டாலும், அந்த டாக்டர் ஒரு அஞ்சலட்டை எழுதிப் போட வேண்டும். மாவட்ட அதிகாரிகள் அந்த ஊருக்கு ஓடுவார்கள். என்ன வந்தது, என்ன செய்தோம் என்று மாதாந்திரத் தகவல் மடல் ஒன்று டாக்டர்களுக்குத் திரும்பி வரும். கணினியும் இல்லை, செயலியும் இல்லை. அரசுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இடையில் ஒரு அஞ்சலட்டை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்று நாடு முழுவதும் இருக்கிற நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்கு முன்மாதிரிகளில் இதுவும் ஒன்று.

சி.எம்.சி. இருக்கிற ஊரில் அரசு ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போராட்டம்?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது இன்று எங்கே வந்து நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். லாபத்துக்காக நடத்தப்படுவது இல்லை. ஏழைகளுக்குச் சலுகை உண்டு. கே.வி.குப்பம் பக்கம் கிராமங்களில் பல பத்தாண்டுகளாக வேலை செய்திருக்கிறார்கள். 1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பதை இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டறிந்த பரிசோதனை நடந்ததும் இங்கேதான். பெருமைப்பட வேண்டிய விஷயங்கள்.

ஆனாலும் அது அரசு சாராத தனி அமைப்பு நடத்தும் மருத்துவமனை. யாருக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை கட்டில், எந்தப் பிரிவு என்று அவர்களே முடிவு செய்கிறார்கள், அது அவர்கள் உரிமை. அந்த முடிவில் அணைக்கட்டு மக்களுக்கோ பேரணாம்பட்டு மக்களுக்கோ கேட்கும் அதிகாரம் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் அந்த அதிகாரம் இருக்கிறது. சட்டமன்றத்தில் கேட்கலாம், கிராம சபையில் கேட்கலாம், மனுப் போடலாம், வழக்குப் போடலாம்.

பாபு ராவ் தெருவில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகை, மெஸ் பலகை, டிராவல்ஸ் பலகை எல்லாம் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். பக்கத்து மாநிலங்களைத் தாண்டி இரண்டு நாள் ரயிலில் வருகிறார்கள். சி.எம்.சி.யின் பேரும் கையும் பெரியது என்பதற்கு அது சாட்சி. அதே சமயம், வருகிறவர்கள் ஊரில் நம்பிப் போக ஒரு அரசு ஆஸ்பத்திரி இல்லை என்பதற்கும் அந்தத் தெருவே சாட்சி. நம் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்து 'பார், நாம எவ்வளவு நல்லா இருக்கோம்' என்று பூரிக்கிற மாதிரி நாம் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

அப்புறம் இன்னொன்று. ஆரணி ரோட்டில் கணியம்பாடிக்கு முன்னால் அடுக்கம்பாறையில் 2005இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. ஊருக்குள் பழைய பென்ட்லண்ட் ஆஸ்பத்திரி வளாகம் இருக்கிறது. குடியாத்தத்தில், வாலாஜாவில், ஆம்பூரில், வாணியம்பாடியில், திருப்பத்தூரில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. வடாற்காடு முழுவதும் பிரசவம், பாம்புக்கடி, விஷம் குடித்தது, சாலை விபத்து என்று ராத்திரி வேளையில் வருவதைத் தாங்குவதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். அதைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை.

அங்கே மரியாதை இல்லை, கத்துகிறார்கள். அதனால்தானே மக்கள் போவதில்லை?

உண்மை. மறைத்துப் பிரயோஜனம் இல்லை. 'தள்ளிப் போ', 'அப்புறம் வா' என்று பேசும் ஊழியர்கள் இருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று சொல்வதற்கே காசு எதிர்பார்க்கிற பழக்கம் சில இடங்களில் இன்னும் சாகவில்லை. ஒரு அரசு ஆஸ்பத்திரியில் என் உறவுக்காரப் பெண்ணைப் பிரசவ வார்டிலிருந்து தள்ளுநாற்காலியில் கீழே கொண்டுவர ஒவ்வொரு கதவிலும் ஒரு கை நீண்டது. கடைசிக் கதவில் சில்லறை தீர்ந்து, என் அத்தை தன் சுருக்குப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

இதைச் சகித்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் கோபம் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றவர் யாரைத் திட்டுகிறார்? பக்கத்தில் நிற்கிற நர்சை. அந்த வார்டுக்கு அன்றைக்கு எத்தனை நர்ஸ் போட வேண்டும் என்று முடிவு செய்தது அவர் இல்லை. காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விட்டதும் அவர் இல்லை. 2015இலிருந்து மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுத்த செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று சொல்லிச் சேர்த்து, பல ஆண்டுகள் இழுத்தடித்ததால்தான் அவர்கள் திரும்பத் திரும்பத் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்களும் நம்மைப் போலவே மாட்டிக்கொண்டவர்கள்.

முடிவு எடுக்கிறவர் சென்னையிலோ தில்லியிலோ குளிரூட்டிய அறையில் இருக்கிறார். அவர் காதில் நம் சத்தம் விழுவதே இல்லை. அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் இந்த மாதிரி இயக்கம் வேண்டியிருக்கிறது.

சரி, யாரிடம்தான் கேட்பது?

இது தெரியாமல் ஊரில் பாதிப்பேர் மனுவைத் தப்பான மேசையில் வைத்துவிட்டு, நடவடிக்கை இல்லை என்று சலித்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே துறை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மூன்று இயக்குநரகங்கள். துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதார இயக்குநரகத்தின் கீழ் வரும். மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு மாவட்ட சுகாதார அலுவலர். தாலுகா ஆஸ்பத்திரியும் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தைச் சேர்ந்தவை. அங்கே இணை இயக்குநரைப் பார்க்க வேண்டும். அடுக்கம்பாறை போன்ற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் மருத்துவக் கல்வி இயக்குநரகம். அங்கே டீன்தான் எல்லாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் வரவில்லை என்று டீனிடம் மனுக் கொடுத்தால் அவர் என்ன செய்வார், பாவம்.

எந்த மேசை என்று தெரிந்துவிட்டால், அடுத்தது எழுத்தில் கேட்பது. தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 'ஏன் மோசமாக இருக்கிறது' என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: 'இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்புநர், மருந்தாளுநர் பணியிடங்கள் எத்தனை? இன்றைய தேதியில் நிரப்பப்பட்டவை எத்தனை? காலியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி?' மூன்றாவது வரிதான் முக்கியம். முதல் இரண்டுக்கும் 'விரைவில் நிரப்பப்படும்' என்று மழுப்பலாம். தேதி எழுதினால் மழுப்ப முடியாது. 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விவரம் என்றால் 48 மணி நேரத்தில்.

பதில் தாளை வைத்துக்கொண்டு சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமைக் குறைதீர்வு நாளில் போகலாம். கிராம சபையில் தீர்மானமாகப் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூட்டம் உண்டு. கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று உங்கள் ஊரிலும் ஏட்டில் இருக்கும். அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிதி உண்டு. உறுப்பினர் யார் யார் என்று ஒருமுறை ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். தான் உறுப்பினர் என்பதே தெரியாதவர்கள் அகப்படுவார்கள்.

அவசரத்துக்கு எப்போதும் 108. ஆலோசனைக்கும் புகாருக்கும் 104.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை வேலை செய்யுமா?

செய்யும். அந்த மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சிட்டிருக்கும். வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994இல் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாக வாங்கி, ஓரிடத்தில் குவிந்து கிடக்கும், இன்னோரிடத்தில் தட்டுப்பாடு. இப்போது மாநிலம் முழுக்க மொத்தமாக டெண்டர். வந்த மருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போகாது. முதலில் கிடங்கு. அங்கிருந்து ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனிப் பேரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறினால்தான் வெளியே விடுவார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக். தேவையானதை வரவு செலவு பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பிற மாநிலங்கள் வந்து படித்துவிட்டுப் போன ஏற்பாடு இது. மக்கள் நல்வாழ்வு இயக்கம் நாடு முழுக்கக் கேட்கிற ஒன்றை நாம் முப்பது ஆண்டாக வைத்திருக்கிறோம். விலை மலிவு என்பதற்கு மொத்தக் கொள்முதலும் பிராண்டுப் பேர் இல்லாததும்தான் காரணம்.

குறை எங்கே? இருப்பு தீரும்போது. சுகர் மாத்திரை ஒரு மாதத்துக்குப் பதில் பத்து நாளைக்குக் கொடுத்து, மறுபடி வரச் சொல்வார்கள். பீடி சுற்றுகிற ஒரு அம்மாவுக்கு இன்னொரு நடை என்றால் ஒரு நாள் கூலி போச்சு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்தபிறகு வீட்டுக்கே மாத்திரை வருவது இந்த நடையைக் குறைத்தது. மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர் உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் துணை சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை?

அட்டை எடுத்து வையுங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போனால் பதியலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993.

ஆனால் அட்டை வேறு, ஆஸ்பத்திரி வேறு. பட்டியலில் இருக்கிற சிகிச்சைகளுக்கும் பரிசோதனைகளுக்கும்தான் அட்டை. காய்ச்சலுக்கு, மூட்டு வலிக்கு, மாதா மாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைக்கு அட்டையைக் காட்ட முடியாது. குடும்பத்தைச் சிறுகச் சிறுக அரிப்பது இந்தச் செலவுதான். இரண்டாவது, அட்டைக்கான பணத்தில் ஒரு பகுதி தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அரசு ஆஸ்பத்திரியும் அதே காப்பீட்டில் சிகிச்சை செய்து அந்தத் தொகையைத் தன் வளர்ச்சிக்குப் பெறலாம், பெறுகிறது. அதனால் அட்டையோடு எங்கே போவது என்ற கேள்வி வந்தால், வசதி இருக்கும் பட்சத்தில் அரசு ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்பேன்.

காப்பீட்டையே மருத்துவக் கொள்கையாக்குவதைத்தான் இந்த இயக்கம் எதிர்க்கிறது. அட்டை மட்டும் இருந்து, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத மாநிலங்கள் இருக்கின்றன. அங்கே அட்டை வெறும் பிளாஸ்டிக்.

நெடுஞ்சாலையில் விபத்து என்றால்?

பள்ளிகொண்டாவோ வாலாஜாவோ, முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்தும். காப்பீட்டு அட்டை தேவையில்லை, எந்த ஊர்க்காரர் என்றும் பார்க்க மாட்டார்கள்.

அரசு எவ்வளவுதான் செலவு செய்கிறது?

2017இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிட வேண்டும் என்றது. 2021-22க்கான தேசிய நலவாழ்வுக் கணக்கில் அது 1.84 சதவீதம், அதுவும் கொரோனா ஆண்டில். அதே கணக்கில், மருத்துவத்துக்கு நாடு செலவிட்ட ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய்க்கு மேல் மக்கள் தங்கள் பையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. 2013-14இல் அது 64. குறைந்திருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும்.

2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில், பிரசவம் நீங்கலாக ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் நாடளவில் சராசரிச் செலவு அரசு ஆஸ்பத்திரியில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். தோல் பட்டறையில் கூலி வேலை செய்கிறவருக்கு இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒரு கந்துவட்டிக்காரர் இருக்கிறார்.

மலைக் கிராமங்களைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறீர்களே?

பேச வேண்டியதுதான். அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை, பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை. 2023 மே மாதம் அல்லேரியில் அத்திமரத்துக்கொல்லையைச் சேர்ந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. அப்போது அங்கே ரோடு இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் ரோடு முடிகிற இடத்தில் நின்றுவிட, மீதி மலையைத் தாய் பிள்ளையின் உடலைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினார். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது.

இந்த இடத்தில் எந்த டாக்டரைக் குறை சொல்வது? நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே முறிமருந்துதான் இந்தியாவில் தயாராகிறது. அது கீழே அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. குழந்தை மேலே இருக்கிறது. நடுவில் இருப்பது வனத்துறை அனுமதி, ரோடு டெண்டர், கோப்பு. சமவெளியில் 30,000 பேருக்கும் மலையில் 20,000 பேருக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதிமுறை. ஆள்தொகையை வைத்துப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். நடக்கிற நேரத்தை வைத்துப் பார்த்தால் எந்தக் கணக்கும் நிற்காது. மலைப்பகுதிக்கு விதியைத் தலைக்கணக்கில் போடாமல் நேரக்கணக்கில் போட வேண்டும் என்பது என் கட்சி.

பிரசவத்துக்கு என்ன கிடைக்கும்?

டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் இரண்டு பிரசவத்துக்கு மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு: 14,000 பணமாக, மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டி. கர்ப்பம் தெரிந்ததும் நர்சம்மாவிடம் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். தவணை தாமதமானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பெரும்பாலும் வங்கிக் கணக்கு விவரத்தில்தான் சிக்கல் இருக்கும்.

மருத்துவம் நம் உரிமை என்று சட்டம் இருக்கிறதா?

அரசியல் சாசனத்தில் நேரடியாக இல்லை. உயிர் வாழும் உரிமைக்குள் அது அடங்கும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 1989இல் உச்ச நீதிமன்றம், விபத்தில் அடிபட்டவருக்குப் போலீஸ் வரும்வரை காத்திராமல் எந்த டாக்டரும் சிகிச்சை தர வேண்டும் என்றது. 1996இல் மேற்கு வங்க வழக்கு ஒன்று. ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரை அரசு ஆஸ்பத்திரிகள் இடமில்லை என்று ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. பணமில்லை என்பதை அரசு காரணமாகச் சொல்ல முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆர்ப்பாட்டத்துக்குப் போகும்போது அந்த வரியைத் தட்டியில் எழுதலாம்.

2023 மார்ச்சில் ராஜஸ்தான் தனிச்சட்டமே கொண்டுவந்தது. தனியார் டாக்டர்கள் நாள்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ்நாட்டிலும் அப்படிச் சட்டம் வேண்டும் என்பது இயக்கத்தினரின் கோரிக்கை. நம்மிடம் 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது. நாட்டிலேயே முன்னோடி. ஆனால் அது கொள்ளைநோய், குடிநீர், சாக்கடை பற்றியது. நோயாளியின் உரிமை அதில் இல்லை.

அப்படியானால் தனியாருக்கு எதிரியா?

தெருமுனையில் பத்தாண்டாக நியாயமான கட்டணத்தில் பார்க்கிற டாக்டருக்கு எவரும் எதிரி இல்லை. அரசு ஆஸ்பத்திரியைத் தூக்கித் தனியாரிடம் கொடுப்பதற்குத்தான் எதிர்ப்பு. 2020இல் மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் ஒரு வரைவு வெளியிட்டது. மாவட்ட ஆஸ்பத்திரியைத் தனியார் மருத்துவக் கல்லூரியோடு இணைத்துவிடலாம், கட்டில்களை இலவசக் கட்டில், சந்தைக் கட்டில் என்று பிரிக்கலாம் என்று அதில் இருந்தது. ஒரே கூரைக்கு அடியில் இரண்டு வகைக் கட்டில் வந்தால் எந்த வரிசை நகரும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆஸ்பத்திரி மட்டும் சரியானால் போதுமா?

பாலாறு ஓரத்தில் பிறந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது! தோல் கழிவு கிணற்றில் இறங்கியதற்கு எந்த மாத்திரை தருவது? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துகிறவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் வழக்கு என்றால் நாடெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது நம்மூர் வழக்குதான். இயக்கத்தின் மக்கள் நல்வாழ்வுச் சாசனத்தில் குடிநீர், உணவு, கூலி எல்லாம் ஆஸ்பத்திரிக்குச் சமமாக இடம்பெற்றிருப்பதற்குக் காரணம் புரிந்திருக்கும்.

வெளிமாநிலத்திலிருந்து சி.எம்.சி.க்கு வந்து கையில் பணம் தீர்ந்தவர்களை அடுக்கம்பாறையில் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். லாட்ஜ் நடத்துகிறவர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. புறநோயாளிச் சீட்டுக்கு ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி வேண்டும் என்று இல்லை. அவசரம் என்றால் எந்தக் கேள்வியும் இல்லை. முதலமைச்சர் காப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் மாநிலத்தில் எடுத்த ஆயுஷ்மான் என்ற மத்திய அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் அது இங்கேயும் செல்லும். மொழி தெரியாமல் திணறுவார்கள். கூட ஒருவர் போய் சீட்டு வாங்கும் இடம்வரை விட்டுவிட்டு வந்தால் போதும். போகும்போது சி.எம்.சி.யில் கொடுத்த ரிப்போர்ட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.